அனுப்பிவைக்கிற பாட்டு

எனக்குக் கோபம் முன்னால் வரும், புத்தி பின்னால் வரும். அம்மா இதைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். கீழே எழுதப்போவதில் அது நன்றாகத் தெரியும் என்பதால் நானே முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு நான் மொன்றியலில் ஒரு தையல் பக்டரியில் வேலை செய்துகொண்டிருந்தேன். குளிர்கால ஜக்கெட்டுகளுக்குச் சிப் பிடிப்பது என் வேலை. பக்கத்து மெஷினில் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா கைகளைப் பொருத்துவார். நான் மட்டக்களப்பு. இரண்டு பேரும் அந்த ஆண்டு மாசி மாதம் ஒரே கிழமையில் சேர்ந்தவர்கள். கோட்-டெ-நெய்ஜில் அடுத்தடுத்த கட்டடங்களில்தான் குடியிருந்தோம். காலையில் ஒரே பஸ், ஒரே மெட்ரோ. ஆனால் ஒரு விஷயத்திலாவது ஒத்துப்போனோம் என்று சொல்ல முடியாது. தேங்காய்ப்பால் சொதிக்கு எப்போது உப்புப் போடுவது என்பதில் தொடங்கி, மீனை எப்படி வெட்டுவது என்பது வரைக்கும் வழியெல்லாம் வாக்குவாதம். அவர் இல்லாவிட்டால் அந்த வேலைக்கு நான் ஒரு மாதம்கூடப் போயிருக்க மாட்டேன்.

அந்த மார்கழியில் எனக்கு இருந்த ஒரே யோசனை அம்மா. அவரை ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட விண்ணப்பம் போட்டிருந்தேன். ஊரில் அப்போது ஷெல்லடி. அம்மா எங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு, டவுனில் சின்னம்மாவின் வீட்டில் ஓர் அறையில் இருந்தார். தொலைபேசியில் கதைக்கும்போது பின்னால் சத்தம் கேட்டால், "அது தூரத்தில மனே" என்பார். எங்கள் பக்கத்தில் மகளையும் மனே என்றுதான் கூப்பிடுவார்கள். எவ்வளவு தூரம் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

குடிவரவு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. நான் நிரந்தரமாக, முழுநேரமாக வேலை செய்கிறேன் என்று முதலாளி கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். தை மாதம் பதினைந்தாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். அன்றைக்கே பக்டரி ஒபீசுக்கு ஓடினேன். அங்கே இருந்த பெண், முதலாளிதான் கையெழுத்துப் போட வேண்டும், அவருக்கு இப்போது நேரமில்லை, லீவு முடிந்து வா என்றாள். சரி, லீவு முடிந்தும் நாள் இருக்கிறதுதானே என்று பேசாமல் வந்துவிட்டேன்.

லீவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மத்தியானம் மெஷின்களை நிறுத்திவிட்டு விருந்து வைத்தார்கள். துணி வெட்டுகிற நீட்டு மேசையில் கடதாசி விரித்து, ஆளாளுக்குக் கொண்டுவந்ததை வைத்தோம். கியூபெக்காரர் மாவில் பொதிந்து சுட்ட இறைச்சிப் பை, ஹெயிட்டிக்காரிகளின் வாழைக்காய்ப் பொரியல், வியட்நாம்காரிகளின் ரோல்ஸ், எங்களுடைய ரோல்ஸ். எங்கள் ரோல்ஸுக்கு மிளகு கூடிவிட்டது என்று அக்கா சொன்னார். போட்டது அவர்தான். அதையும் சொல்லிக் காட்டினேன்.

முதலாளி எழுபது தாண்டிய கிழவர். அவருடைய தாத்தா ஸ்கொட்லாந்திலிருந்து வந்தவராம். அன்றைக்குச் சிவப்பும் பச்சையும் கட்டம் போட்ட டை கட்டியிருந்தார். முதலில் பிரெஞ்சிலும் பிறகு ஆங்கிலத்திலும் பேசினார். கஷ்டமான வருஷம், பல இடங்களில் பக்டரிகள் மூடுகின்றன, துணியெல்லாம் இப்போது சீனாவிலிருந்து வருகிறது, எல்லாவற்றுக்கும் மெர்சி, நன்றி என்றார். ஒவ்வொருவர் கையிலும் ஒரு சொக்லேட் பெட்டியைக் கொடுத்துக் கை குலுக்கினார். அதுவரைக்கும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சொக்லேட்டில் பாதாம் இருக்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு எல்லோரையும் வட்டமாக நிற்கச் சொன்னார். கை கோக்கச் சொன்னார். பாடத் தொடங்கினார்.

முதல் வரியிலேயே அடையாளம் கண்டுவிட்டேன். அது ஒரு பழைய ஸ்கொட்லாந்துப் பாட்டு. எங்கள் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் பாடுவது. மெட்டு அப்படியே அதுதான். சங்கீத ரீச்சர் தமிழில் சொற்கள் போட்டிருந்தார், கடைசியில் இரண்டு வரி மட்டும் ஆங்கிலம். ஆனால் அதைக் கண்ட நேரத்தில் பாட மாட்டோம். யாரையாவது அனுப்பிவைக்கும்போது மட்டும்தான். தலைமைச் சிஸ்டருக்கு இடமாற்றம் வந்தபோது பாடினோம். சயன்ஸ் ரீச்சர் கொழும்புக்குப் போனபோது பாடினோம். மூன்றாவது தடவை எங்கள் அம்மாவுக்கே பாடினோம். அம்மா அதே பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்புக்குப் படிப்பித்தவர். ஓய்வுபெற்ற அன்று மேடையில் ஒரு சுவர்க் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டிருக்க, நாங்கள் முன்னால் கைகளைக் குறுக்காகக் கோத்துப் பாடினோம். அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு அம்மா சேலை உடுத்துவிட்டார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டபோதுதான் கழற்றினார். அந்தப் பாட்டைக் கேட்டவர் திரும்பிப் பள்ளிக்கு வந்ததை நாங்கள் கண்டதேயில்லை. சத்தமாகப் பாடினால் ஆள் கெதியாய்ப் போய்விடும் என்று, பிடிக்காத ரீச்சருக்குத் தொண்டை கிழியப் பாடின பிள்ளைகளும் இருந்தார்கள்.

அந்தப் பாட்டைத்தான் இந்தக் கிழவர் எங்களுக்குப் பாடுகிறார். பேச்சு முடிந்தது, பரிசு கொடுத்தாயிற்று, கை குலுக்கியாயிற்று, பாட்டும் வந்துவிட்டது. இனி என்ன மிச்சம்? என் கைகள் தாமாகவே குறுக்காகக் கோத்துக்கொண்டன. பள்ளிக்கூடப் பழக்கம். திரும்பி அக்காவைப் பார்த்தேன். அவரும் கைகளைக் குறுக்காகக் கோத்திருந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. எதிரே பட்டன் பிடிக்கிற இத்தாலிக் கிழவி தாரை தாரையாக அழுதுகொண்டிருந்தாள். முப்பது வருஷம் அங்கே வேலை செய்தவள். அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

விருந்து முடிந்து இருவரும் மெட்ரோவில் ஏறினோம். பிறகு அக்கா மெல்லக் கேட்டார்.

"பிள்ளை, உங்கட பள்ளிக்கூடத்திலயும் உந்தப் பாட்டைப் பாடுறனீங்களோ?"

"ஓம் அக்கா. ஆக்களை அனுப்பேக்க."

"எங்களிலயும் அதுக்குத்தான். வேறொண்டுக்கும் பாடுறேல்லை." அவர் சொக்லேட் பெட்டியை நெஞ்சோடு பிடித்திருந்தார். "மனுசன் நேர சொல்ல வெக்கப்பட்டுப் பாட்டாப் பாடிப்போட்டுது. பக்டரி மூடப்போறாங்கள்."

யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் ஒரு சொல்லில் நிற்பது அதுதான் முதல் தடவை. இரண்டு சாட்சி ஒத்துப்போனால் பிறகு யோசிக்க என்ன இருக்கிறது? எனக்கு வந்தது அழுகையல்ல, கோபம். நாசமாய்ப் போனவன், லீவு முடிந்து வா என்று ஒபீஸ்காரியை விட்டுச் சொல்ல வைத்தானே! லீவு முடிந்து போனால் யார் இருக்கப்போகிறார்கள் கையெழுத்துப் போட? வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. அந்தக் கடிதம் இல்லாவிட்டால் அம்மாவின் பைல் திரும்பி வந்துவிடும். புதிய வேலை ஒன்று கிடைத்தாலும் உதவாது. நேற்றுச் சேர்ந்தவளுக்கு நிரந்தர வேலை என்று எந்த முதலாளி எழுதிக் கொடுப்பான்?

யாரிடமாவது கேட்டிருக்கலாமே என்று இப்போது நீங்கள் நினைப்பீர்கள். ஹெயிட்டிக்காரிகளோடு எங்களுக்குப் "போன்ஜூர்" மட்டும்தான் பழக்கம். வியட்நாம்காரிகளோடு சிரிப்பு மட்டும். தெரிந்த இரண்டு தமிழரும் ஒரே முட்டாள்தனத்தை நம்பினோம். முதலாளியிடம் கேட்கிற துணிவு எனக்கு வரவில்லை. வீட்டுக்குள் மட்டும் புலி நான்.

அந்த லீவு நகரவே இல்லை. கிறிஸ்துமஸ் அன்று அம்மா ஊரிலிருந்து போன் எடுத்தார்.

"என்ன மனே, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"தடிமன் அம்மா, மூக்கடைப்பு."

"வேலையெல்லாம் ஒழுங்காப் போகுதா?"

"ஓம். நல்லாப் போகுது. நீங்க சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டன். பேக்கைக் கட்டி வாசலுக்குப் பக்கத்தில வச்சித்தான் இரிக்கன். நீ யோசிக்காத."

அந்தப் பேக் கனடாவுக்கு அல்ல. சத்தம் கிட்ட வந்தால் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு. உள்ளே அடையாள அட்டை, இரண்டு சேலை, மருந்து, ஒரு போத்தல் தண்ணீர். போனை வைத்த பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றேன். தனியாக இருக்கிற வீட்டில் எதற்குக் கதவைப் பூட்டினேன் என்று தெரியவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்து மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் பக்டரிக்குப் போனேன். யாராவது இருந்தால் காலில் விழுந்தாவது கடிதத்தை வாங்கிவிடுவது என்று. பனி முழங்கால்வரைக்கும் கிடந்தது. பின்பக்கக் கதவு திறந்திருந்தது. இரண்டு பேர் மெஷின்களைத் தூக்கி ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது என்னுடையது. அதன் பக்கத்தில் நான் ஒட்டிய பிள்ளையார் படம் அப்படியே இருந்தது. நான் கத்தினேன். என்னத்தைக் கத்தினேன் என்று எனக்கே தெரியாது, அரைவாசி தமிழ். அவர்களில் ஒருவன் வேகமாகப் பிரெஞ்சில் ஏதோ சொல்லித் தோளைக் குலுக்கிவிட்டுப் பிள்ளையாரோடு வானின் கதவைச் சாத்தினான். நான் பஸ் தரிப்பு வரைக்கும் அழுதுகொண்டே நடந்தேன். கண்ணீர் கன்னத்தில் குளிர்ந்து எரிந்தது.

அன்று பின்னேரம் நான் கண்டதை அக்காவிடம் சொன்னேன். அக்கா என்னைப்போல் கத்துகிறவர் அல்ல, காரியம் பார்க்கிறவர். தெரிந்தவர் ஒருவர் மூலம் அடுத்த நாளே கர்க்லாண்டுக்குப் போனார். அங்கே வயோதிபர் இல்லம் ஒன்றின் சமையலறைக்கு ஆள் தேவைப்பட்டது. மெட்ரோவும் இரண்டு பஸ்ஸும், ஒரு வழிக்கு ஒன்றரை மணித்தியாலம். போன கையோடு எடுத்துவிட்டார்கள்.

"வாவன் பிள்ளை, இன்னொரு ஆளும் எடுப்பாங்கள்" என்றார் போனில்.

"எனக்குக் கடிதம் வேணும் அக்கா. வேலை இல்லை."

"மூடின கடையில என்ன கடிதமடி? மெஷினை ஏத்தினதை உன்ர கண்ணாலதானே கண்டனி?"

அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததால்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. உங்களுக்கென்ன அக்கா, உங்கள் ஆட்கள் எல்லாரும் இங்கேதானே என்று வெடுக்கென்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அவருடைய தம்பி ஊரில் காணாமல் போய் அப்போது ஏழு வருஷம். வைத்த பிறகுதான் நினைவு வந்தது. புத்தி பின்னால்தான் வரும் என்றேனே.

லீவு முடிந்து பக்டரி திறக்க வேண்டிய நாள் விடிந்தது. மூடியிருக்கும் என்று தெரிந்துகொண்டே போனேன். தெருமுனையில் திரும்பும்போது கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது எல்லா ஜன்னலிலும் வெளிச்சம். மெஷின்களின் சத்தம் தெரு வரைக்கும் கேட்டது. இத்தாலிக் கிழவி வாசலில் என்னைக் கட்டிப்பிடித்து, "பொன் அனே" என்று புது வருஷ வாழ்த்துச் சொல்லி இரண்டு கன்னத்திலும் கொஞ்சினாள். உள்ளே போனால் என் இடத்தில் புத்தம் புது மெஷின். மேலே பிள்ளையார், புதிதாக நாடா போட்டு ஒட்டியிருந்தார்கள்.

நேரே ஒபீசுக்குப் போனேன். முதலாளி இருந்தார். கடிதம் என்றேன். அந்தப் பெண் ஐந்து நிமிஷத்தில் அடித்துக் கொடுத்தாள், அவர் கையெழுத்துப் போட்டார். ஐந்து நிமிஷம்! இதற்காக நான் பன்னிரண்டு நாள் செத்தேன். தாளை நான் இரண்டு கையாலும் பறிப்பதுபோல வாங்கியதை அவர் பார்த்துவிட்டார். என்ன என்று கேட்டார். எனக்கு அடக்க முடியவில்லை. ஏன் ஐயா அந்தப் பாட்டைப் பாடினீர்கள், பக்டரி மூடப்போகிறது என்று நினைத்தேன் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சண்டைக்காரியைப் போலக் கேட்டேன்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிக்கத் தொடங்கினார். தங்கள் வீட்டில் வருஷம் பிறக்கும்போது பாடுகிற பாட்டு அது, உலகம் முழுக்கப் பாடுகிறார்கள், பழைய சிநேகிதரை மறக்கக் கூடாது என்பதுதான் பொருள் என்றார். யாரையும் அனுப்ப அல்ல. மெஷின் என்று கேட்டேன். மூன்றும் பழுது, மாற்றினோம் என்றார். அந்தக் கிழவி அழுதாளே? அவள் ஒவ்வொரு வருஷமும் அழுவாள் என்றார்.

பிறகு அவர் சொன்ன ஒன்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நீயும் உன் சிநேகிதியும் தொடக்கத்திலேயே கைகளைக் குறுக்காகக் கோத்துவிட்டீர்கள், கவனித்தேன், கடைசி அடி வரும்போதுதான் அப்படிக் கோக்க வேண்டும், யார் படிப்பித்தது என்றார். பள்ளிக்கூடத்தில் என்றேன். போகிறவர்களுக்குப் பாடுவோம் என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். உன்னுடைய சிநேகிதி எங்கே என்று கேட்டார்.

அக்கா திரும்பி வரவில்லை. நான் கெஞ்சிப் பார்த்தேன். "சேர்ந்த இடத்தை விட்டிட்டு ஓடிவாறது மரியாதை இல்லைப் பிள்ளை" என்றார். என்னுடைய அரண்ட கண்ணுக்குத் தெரிந்த பேயால் ஒரு மனுஷி பனியில் நாளுக்கு மூன்று மணித்தியாலம் பஸ்ஸில் ஆடிக்கொண்டு போகிறாரே என்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தம்பி விஷயத்துக்கும் மன்னிப்புக் கேட்டேன். "நீ சொல்லாமல் ஆர் சொல்லுவினம், விடு" என்றார். ஆனாலும் ஒரு மாதம் வரைக்கும் என்னோடு சொதியைப் பற்றிச் சண்டை பிடிக்கவில்லை. அதிலிருந்தே நொந்திருந்தார் என்று தெரிந்துகொண்டேன்.

அடுத்த ஆண்டு ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை பக்டரி மூடியிருந்தது. கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். பேச்சில்லை, சொக்லேட் இல்லை, பாட்டில்லை. கிழவர் கோடையிலேயே படுத்தபடுக்கையாகிவிட்டார், மகன்மார் விற்றுவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். இத்தாலிக் கிழவி தாளை இரண்டு தரம் வாசித்தாள். அன்றைக்கு அவள் அழவில்லை. நல்லவேளை, அம்மாவின் பைல் அதற்குள் கியூபெக் மாகாண அலுவலகத்தில் முடிந்து மத்திய அரசின் மேசைக்குப் போயிருந்தது. என்னுடைய மெஷினிலிருந்து பிள்ளையாரைக்கூட எடுக்க முடியவில்லை.

அன்று மத்தியானம் அக்கா போன் எடுத்தார். "வெளிக்கிட்டு வா. உனக்கும் ஒரு ஏப்ரன் கிடக்கு" என்றார். அப்படித்தான் நானும் கர்க்லாண்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். எனது மடைத்தனத்தால் அவர் பிடித்த வேலைதான் எனக்குச் சோறு போட்டது. இதைச் சொன்னால், "எல்லாம் அந்தப் பாட்டின்ர புண்ணியம்" என்று இன்றைக்கும் சிரிப்பார்.

அம்மா வந்து சேர இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு புரட்டாதி ஆகிவிட்டது. விமான நிலையத்தில் அவரைக் கண்டபோது இவ்வளவு சின்ன ஆளா என்று இருந்தது. வந்த முதல் நாளே என் வீட்டு வாசலில், சப்பாத்துகளுக்குப் பக்கத்தில், அந்தப் பேக்கை வைத்தார். உள்ளே அடையாள அட்டை, மருந்து, தண்ணீர்ப் போத்தல். இனி வேண்டாம் அம்மா என்று அலுமாரிக்குள் வைத்தேன். அடுத்த நாள் காலையில் திரும்ப வாசலில் இருந்தது. நானும் இரண்டு மூன்று நாள் எடுத்து வைத்துப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். வெளியே எங்கே போனாலும் அதைக் கையோடு கொண்டுவருவார். தெருமுனை டெப்பனர் கடைக்குப் பால் வாங்கப் போனாலும்.

அந்த மார்கழி எங்கள் வயோதிபர் இல்லத்தில் வருஷ முடிவு விருந்து வைத்தார்கள். மத்தியானம், வேலை செய்கிறவர்களின் குடும்பங்களும் வரலாம். அம்மாவைக் கூட்டிப்போனேன். ஒரு மூலையில், மடியில் பேக்கோடு இருந்தார். அக்கா கேக் கொண்டுபோய்க் கொடுத்து, "அம்மா, மட்டக்களப்பில சொதிக்கு எப்ப உப்புப் போடுறது?" என்று வம்பிழுத்துக்கொண்டிருந்தார். நான் சமையலறைக்குள் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

மண்டபத்தில் யாரோ பியானோவில் தொடங்கினார்கள். கிழவர்கள் நடுங்கும் குரலில் சேர்ந்துகொண்டார்கள். எனக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது. அடுத்த கணம் அம்மாவின் நினைவு வந்து தேநீர்க் கேத்தலை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன்.

அம்மா எழுந்து நின்றிருந்தார். பேக்கைத் தோளில் கொழுவி, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகி, வெளிக்கிட்டு நின்றார். சுற்றிலும் கை கோத்துப் பாடுகிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்தார். குளிர்ந்திருந்தது.

"யார மனே அனுப்புறாங்க?"

நான் சொல்வதற்குள் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை ரீச்சரிடம் கேட்பதுபோல அடுத்ததைக் கேட்டார்.

"என்னையா?"

"ஒருத்தரையும் இல்லம்மா" என்றேன். "இங்க வருஷம் பிறக்கப் பாடுறது. ஒருத்தரும் போகல்ல. நீங்க இரிங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அக்கா, ஓம் அம்மா, உண்மைதான் என்று தலையாட்டினார். பாட்டு முடியும்வரை அம்மா நின்றுகொண்டேதான் இருந்தார். முடிந்த பிறகும் யாராவது எழுந்து போகிறார்களா என்று பார்த்தார். யாரும் போகவில்லை. கேக் வெட்டினார்கள். அம்மா கதிரையில் உட்கார்ந்தார். பேக்கைத் தோளிலிருந்து கழற்றி, கதிரைக்குக் கீழே வைத்து, காலால் உள்ளே தள்ளினார்.